மூன்றாவது ஓலையும் மூக்குள்ள இன்ஜினும்

அத்தியாயம் 4

பெனால்டி புள்ளிக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி போர்த்திக் கிடந்தது ஒரு புல்வெட்டும் இயந்திரம். அதன் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏசுஅடிமை உட்கார்ந்திருந்தார். ஊரார் ஒவ்வொருவராக வந்து வேட்டியை லேசாக விலக்கிப் பார்த்தார்கள். பிறகு உச்சுக்கொட்டிவிட்டு ஓரமாகப் போய் நின்றார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பால் விடாத கட்டன்சாயாவுக்குக்கூட ஏற்பாடு செய்திருந்தான்.

துப்பறியும் நிபுணர் செல்வதாஸ் தன் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிணத்தைப் பார்க்கிறார். அதற்கும் நாலு சக்கரம் இருந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அவருக்கு ஆபீஸ். பெண்வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை குடிக்கிறானா என்று விசாரிப்பார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண்வீட்டில் சொன்ன தென்னந்தோப்பு நிஜமாகவே நிற்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவார். கொலை, கொள்ளை எதுவும் இதுவரை அந்தப் படியேறி வந்ததில்லை. வந்திருந்தால் அவர் வேறு வழியாக இறங்கிப் போயிருப்பார் என்பது அவருடைய உதவியாளர் ஜாஸ்பினின் கருத்து. ஜாஸ்பினுக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு, அதைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

"சாரே, முகத்த கொஞ்சம் சோகமா வச்சுக்கிடுங்க" என்றாள். "துட்டி வீட்டுக்கு வந்த மாதிரியே இல்ல."

"பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். இதுக்கு மேல சோகமா வைக்க முடியாது" என்றார் செல்வதாஸ்.

தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்து ஊர் அது. உலகக் கோப்பை முடிந்து ஒரு மாதமாகியும் கோல் கம்பத்துக்குப் பின்னால் பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. மைதானத்தில் பாதிப் புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. மீதிப் பாதி முழங்கால் உயரத்துக்கு நின்றது. அந்த உயரமான பாதியில் நாலைந்து ஆடுகள் தங்கள் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

செல்வதாசையும் ஜாஸ்பினையும் போன் போட்டு வரவழைத்தவள் பெபிஷா, ஏசுஅடிமையின் மகள். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை சுஜினைப் பற்றி முன்பு விசாரித்து, 'பையன் தங்கம்' என்று சொன்னவரே செல்வதாஸ்தான். அந்தத் தங்கத்தின் மேல்தான் இப்போது பழி விழுந்திருந்தது.

மைதானத்து ஓரத்தில் நின்று பெபிஷா விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா ஏசுஅடிமையும் சுஜினின் அப்பா ததேயுசும் மஸ்கட்டில் ஒரே கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டியவர்கள். ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் சோறாக்கித் தின்றவர்கள். இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற இன்ஜெக்ஷனில் எந்த வகை நல்லது என்பதைத் தவிர வேறு எதற்கும் சண்டை போட்டதில்லை. ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு பழைய மெஷினைக் கொச்சியிலிருந்து இறக்கினார்கள். மேலே உட்கார்ந்து ஓட்டிப்போகிற பெரிய வகை. யாருடையது உசத்தி என்பதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று இன்று காலை ஊர் பார்க்கப் போட்டி வைத்தார்கள். ஒரே கேனிலிருந்து இரண்டுக்கும் சமமாகப் பெட்ரோல். எது அதிகம் வெட்டுகிறதோ அது ஜெயித்ததாகக் கணக்கு.

"எங்க அப்பாவுக்க மெஷினு பெனால்டி பாக்ஸு தாண்டல சார். கறுப்பா பொகையக் கக்கிட்டு நின்னுபோச்சு. அவங்க அப்பாவ ஜெயிக்க வைக்க சுஜின்தான் என்னமோ செஞ்சிட்டானாம். எங்க அப்பா ஒத்தக்கால்ல நிக்காவ. நாளைக்குப் பூசையில மூணாவது ஓலை."

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கிறிஸ்தவக் கோயிலில் இருவர் பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் கேட்பார். இரண்டு ஓலைகள் எந்தத் தகராறும் இல்லாமல் கடந்துவிட்டன. மூன்றாவதில் எழுந்து நின்று தடை சொல்லப்போவதாக ஏசுஅடிமை சபதம் செய்திருந்தார். என்ன தடை என்று எழுதிக்கொள்வது என்று சாமியார் கேட்டதற்கு, "ஃபியூயல் இன்ஜெக்ஷன்" என்றாராம். சாமியார் தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இரத்த உறவு இருந்தது, முந்தைய கல்யாணம் இருந்தது, வயது இருந்தது. இன்ஜெக்ஷன் இல்லை. ஆனாலும் பெண்ணைப் பெற்றவர் சபை நடுவே எழுந்து நின்றுவிட்டால் அந்தக் கல்யாணம் நடக்காது என்பது சாமியாருக்கும் தெரியும், பெபிஷாவுக்கும் தெரியும்.

"ஆளு யாருன்னு கண்டுபிடிக்கணும் சார்" என்றாள் பெபிஷா. சற்று நிறுத்தி, "ஆனா ஆளாத்தான் இருக்கணும்" என்றாள்.

"பின்ன ஆடா இருந்தா விட்டுருவமா?" என்றாள் ஜாஸ்பின்.

பெபிஷா சிரிக்கவில்லை. அவள் கை துப்பட்டாவுக்குள் கழுத்தடிக்குப் போய் எதையோ தேடியது. பிறகு வெறுமனே திரும்பி வந்தது. பாவம், அந்தப் பெண் நிஜமாகவே பயந்திருந்தாள்.

செல்வதாஸ் பிணத்தை நெருங்கினார். ஏசுஅடிமை எழுந்து கைகூப்பினார்.

"இப்பம் பாத்துக்கிடுங்க. எப்பிடி இருந்த மெஷினு."

"எப்பிடி இருந்தது?"

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. மைதானத்தின் மறுபக்கத்தில் தன் மெஷின்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த ததேயுஸ் அதைக் கேட்டுக் குதித்திறங்கி வேகமாக வந்தார்.

"நான் சொல்லுதேன் சார். இது சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வச்ச மெஷினு. ரெண்டு சிலிண்டரு, ரெண்டு இன்ஜெக்டரு. ஆடம்பரம். எனக்கதுல காத்து ஏறுற வாசல்லயே ஒத்த இன்ஜெக்டர். ரெண்டு சிலிண்டருக்கும் அங்ஙனயே நின்னு ஊத்திரும். கெட்டுப்போக என்ன இருக்கு?"

"வாசல்ல ஊத்தினா பாதி வழியில சிந்தும் ஓய்" என்றார் ஏசுஅடிமை. "ஒருத்தனுக்குக் கூடும், ஒருத்தனுக்குக் கொறையும். எனக்கது அவனவன் வாயில ஊட்டி விடும்."

"ஊட்டி ஊட்டித்தான் கொன்னுபோட்டீரு."

"கொன்னது நீரும் உமக்க மோனும்."

செல்வதாஸ் நடுவில் குடையை நீட்டினார். மழைக்காகக் கொண்டுவந்த குடை இப்படித்தான் பெரும்பாலும் பயன்பட்டு வந்தது.

"வேற என்ன வித்தியாசம்?"

ஏசுஅடிமை மெஷினை வேட்டிக்கு மேலாகவே தடவிக்கொடுத்தார். "இதுக்கு மூக்கு உண்டும் சார். சைலன்சர்ல ஒரு சென்சாரு. வெளிய போற பொகைய மோந்து பாக்கும். பெட்ரோலு கூடிச்சா கொறஞ்சிச்சான்னு கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதுக்குத் தக்கன கூட்டும், கொறைக்கும். அறிவுள்ள மெஷினு."

"மீன்கறி கொதிக்கும்ப உள்ளங்கையில விட்டு நக்கிப் பாக்குற மாதிரி" என்றாள் ஜாஸ்பின்.

"அதேதான் மோளே."

"அப்பம் ததேயுஸ் மாமாவுக்க மெஷினு?"

"அது நக்கியே பாக்காது. பெட்டிக்குள்ள எழுதிவச்ச அளவு எதுவோ அதைப் போடும். உப்பு கூடினாலும் தெரியாது, கரிஞ்சாலும் தெரியாது."

"தெரியாததுனாலதான் ஓடுது" என்றார் ததேயுஸ் பெருமையாக.

"எங்க வீட்டுலயும் ரெண்டாவது வகைதான் சமையல்" என்றாள் ஜாஸ்பின். "எனக்க ஸ்கூட்டியில ரெண்டுமே இல்ல மாமா. கார்புரேட்டர்."

இருவரும் ஒரே நேரத்தில் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கார்புரேட்டர் விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் என்றைக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

செல்வதாஸ் பையிலிருந்து ஒரு மட்டி வாழைப்பழத்தை எடுத்து உரித்தார். அவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு வழக்குக்கு ஒரு சீப்பு ஆகும் என்பது ஜாஸ்பினின் கணக்கு.

"ஜாஸ்பின், பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருந்தா?"

"இந்த ஊர்ல சாயாவுலயே மண்ணெண்ணெய் வாசம் வருது சாரே. எப்பிடிக் கண்டுபிடிக்க?"

"மோப்பம் பிடிக்க வேண்டாம். ரெண்டு மெஷினும் குடிச்சது ஒரே கேன். கலப்படம்னா ரெண்டும் படுத்திருக்கணும். ஒண்ணுதான் படுத்தது. அதனால பெட்ரோலை விட்டுரு." இரண்டாவது பழத்தை எடுத்தார். "அடுத்தது கறுப்புப் புகை. பெட்ரோல் கிடைக்காம நின்னா கறுப்பா புகைக்குமா ஏசுஅடிமை?"

"புகைக்காது. பெட்ரோலு கூடினாத்தான் கறுப்பு."

"அப்ப இது பட்டினியில சாகல. தின்னு செத்திருக்கு." செல்வதாஸ் தோலை மடித்துப் பைக்குள் வைத்தார். "மூக்குள்ள மெஷின், மோந்து பாத்து அளவாச் சாப்பிடுற மெஷின், அளவில்லாம ஏன் தின்னுது? மூக்கு 'போதாது, போதாது'ன்னு பொய் சொல்லியிருக்கு. அந்த மூக்குக்கு யாரோ என்னமோ செஞ்சிருக்காங்க. திறந்து பார்த்துரலாம்."

ஏசுஅடிமை வேட்டியின் மேல் குப்புற விழாத குறை. "தொறக்க விடமாட்டேன். செஞ்சவன் முன்னால வந்து ஒத்துக்கிடட்டும். அதுக்கு முன்ன இதுல ஸ்பேனர் படக்கூடாது."

"மாமா, போஸ்ட்மார்ட்டம் செய்யாம எப்பிடி?" என்றாள் ஜாஸ்பின். "பெருசா வெட்டிக் கூறுபோட மாட்டாரு. சாருக்கு அதுக்குத் தெரியவும் செய்யாது."

அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்த நேர்மை ஏசுஅடிமையைக் கொஞ்சம் இளக்கியது. வேட்டியை அவரே விலக்கினார். செல்வதாஸ் குடைக்கம்பியால் தொடாமல் சுட்டிக்காட்டினார். இன்ஜினிலிருந்து சைலன்சர் புறப்படுகிற இணைப்பில், இரண்டு பெரிய நட்டுகளுக்குப் பக்கத்தில், பச்சைப் பெயின்டின்மேல் மை பூசியதுபோல் கரி படிந்திருந்தது. நட்டு இரண்டிலும் ஸ்பேனர் பட்ட புதுக்கீறல்.

"இந்த ரெண்டு மட்டும்" என்றார்.

ஏசுஅடிமை நட்டுகளைத் தளர்த்தினார். இணைப்பு விலகியபோது உள்ளேயிருந்து ஏதோ நழுவிப் புல்லில் விழுந்தது. கால்பந்து ஆடுகிற பையன்கள், துக்கம் கேட்க வந்தவர்கள், ஒரு ஆடு, எல்லோரும் குனிந்தார்கள்.

கரியேறிக் கறுத்த ஒரு சுரூபம். கழுத்தில் கோத்துப் போடுகிற புனிதர் பதக்கம். வேட்டி நுனியால் துடைத்ததும் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய புனித அந்தோனியார் தெரிந்தார்.

ஏசுஅடிமைக்கு உடனே விளங்கியது. அவர் மெக்கானிக்காகத்தான் முதலில் பேசினார். "இது இடையில கெடந்தா ஒரு பக்கம் எடவெளி விழும். அது வழியா வெளிக்காத்து உள்ள போகும். மூக்கு அந்தக் காத்த மோந்துட்டு, பெட்ரோலு கொறவுன்னு நெனைக்கும். பெட்டி ஊத்தும். இன்னும் ஊத்தும்." பிறகுதான் தகப்பனாகப் பேசினார். "இது நிச்சயத்தன்னைக்குச் சாமியாரு ரெண்டு பேருக்கும் போட்ட சுரூபமில்லியா."

எல்லாத் தலைகளும் கோல் கம்பத்தடியில் நின்ற சுஜினை நோக்கித் திரும்பின. படகு இன்ஜின் பழுது பார்க்கிற பையன். வெயிலில் கறுத்த திடமான உடம்பு, சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்திருந்தன. ஜாஸ்பின் அவனருகே போய் நெஞ்சைப் பார்த்தாள்.

"சாரே, இங்க ஒரு பொட்டு மட்டும் வெளுத்திருக்கு. சுரூபம் கெடந்த எடம். ஆளு கறுத்தாச்சு, அந்தோனியாரு குடை பிடிச்ச எடம் மட்டும் கறுக்கல."

சுஜின் தலையைக் குனிந்துகொண்டான்.

"கண்டியளா" என்றார் ஏசுஅடிமை. அவர் குரலில் வெற்றி இல்லை, வேதனைதான் இருந்தது. தன் மருமகன் அப்படிப்பட்டவனாக இருக்கக் கூடாது என்று அவரும் உள்ளூர ஆசைப்பட்டிருந்தார். "கெடுக்கணும்னா வேற ஒண்ணும் கிட்டலியாலே? சுரூபத்தை வச்சா கெடுப்பாவ?"

"கெடுக்க வைக்கல மாமா" என்றான் சுஜின்.

"பின்ன?"

"வள்ளத்துல புது இன்ஜின் மாட்டும்ப என்ன செய்வோம்? பலகைக்கும் இன்ஜினுக்கும் எடையில சுரூபத்தை வச்சு, ரெண்டு முறுக்காணியையும் முறுக்குவோம். வெளிய கெட்டினா அலை கொண்டுபோயிரும். நடுவுல இருந்தா இன்ஜின் நிக்காம ஓடும். நீங்களும் வச்சிருக்கியதானே, உங்க வள்ளத்துல?" அவன் நிமிர்ந்து பார்த்தான். "உங்க மெஷினு தோத்துப்போனா உங்களுக்கு வெப்ராளம் வரும், கோவத்துல என்னத்தையும் செஞ்சிருவிய. கல்யாணத்த நெனச்சு பயமா இருந்திச்சு. அதான் அந்தோனியாரே, மாமாவ ஜெயிக்க வையும்னு வேண்டிக்கிட்டு விடியுமுன்ன வச்சேன். வள்ளத்து இன்ஜின்ல இருக்க மாதிரி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பெரிய நட்டு அங்கதான் இருந்திச்சு."

மூக்குள்ள மெஷினையே தெரியாத ஒரு கடற்கரைப் பையன், அதை ஜெயிக்க வைக்க நினைத்து, அதன் மூக்கிலேயே அந்தோனியாரை வைத்து முறுக்கியிருக்கிறான். ஏசுஅடிமை கையிலிருந்த சுரூபத்தையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எனக்காகவா வச்ச மக்கா?"

செல்வதாஸ் குடையை மடக்கினார். வழக்கு முடிந்தது. பையன் தங்கம் என்று அவர் சொன்னது உறுதியாயிற்று. அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுமுன் மார்த்தாண்டம் போய்விடலாம்.

"ஏலே."

ததேயுசின் குரல். அவர் மகன் முன்னால் வந்து நின்றார்.

"பெத்த அப்பன் தோக்கணும்னு வேண்டினியாலே நீ?"

"இல்லப்பா, மாமா ஜெயிக்கணும்னுதான்…"

"ரெண்டு மெஷினு போட்டியில அவரு ஜெயிக்கணும்னா தோக்கப்போறது ஆரு? ஆடா?" ததேயுஸ் மெதுவாகத் திரும்பினார். "சார், குறிச்சு வச்சுக்கிடுங்க. நாளைக்கு மூணாவது ஓலையில ஏசுஅடிமை எழும்ப வேண்டாம். நான் எழும்புவேன். அப்பனுக்கு எதிரா ஜெபம் செய்யுற பயலுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

பெபிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிரமாதம் சாரே" என்றாள் ஜாஸ்பின் தணிந்த குரலில். "வரும்ப ஒரு தடை இருந்திச்சு. நீங்க கண்டுபிடிச்சதுல அது பக்கத்து வீட்டுக்கு மாறிப்போச்சு. இன்னும் கொஞ்சம் துப்பறிஞ்சா சாமியாரே எழும்பித் தடை சொல்லுவாரு."

செல்வதாசுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. கடைசிப் பழத்தை எடுத்தார், உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ததேயுஸ் கோபத்தோடு தன் மெஷினில் ஏறி வீட்டுக்குப் போக ஸ்டார்ட் செய்தார். அது கிளம்பியது. டப் டப், டப் டப்.

"ததேயுஸ்" என்று கூப்பிட்டார் செல்வதாஸ். "அந்தச் சத்தம் எப்பவும் உண்டா?"

"இன்னைக்குக் காலம்பெறத்துலேர்ந்து. அது தெம்புக்க சத்தம் சார்."

"காலையிலிருந்தா?"

"ஆமா. ஜெயிக்கப்போற மெஷினு அப்பிடித்தான் பேசும்."

செல்வதாஸ் பழத்தை ஜாஸ்பினிடம் கொடுத்தார். அவர் பழத்தை அடுத்தவருக்குக் கொடுத்து அவள் பார்த்ததே இல்லை. என்னவோ நடக்கப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"ஏசுஅடிமை சொன்னது நினைவிருக்கா ஜாஸ்பின்? சாமியார் சுரூபம் போட்டது எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கும்னாரு."

"ஒண்ணு இங்க இருக்கு."

ஜாஸ்பின் பழத்தைக் கையில் பிடித்தபடியே பெபிஷாவைப் பார்த்தாள். பெபிஷாவின் கை மறுபடியும் துப்பட்டாவுக்குள் கழுத்தடிக்குப் போனது, மறுபடியும் வெறுமனே திரும்பியது.

"ஏட்டி பெபிஷா" என்றாள் ஜாஸ்பின். "பயம் வந்தா பிடிச்சுக்கிடுறதுக்கு ஒண்ணு அங்க கெடந்திச்சே, எங்க?"

பெபிஷா அழத் தொடங்கினாள்.

ததேயுசின் மெஷினை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்தார்கள். ஆடுகள் மட்டும் மென்றுகொண்டிருந்தன. சைலன்சர் இணைப்பில் அதே கரி, அதே புதுக்கீறல். ததேயுசே நட்டுகளைத் தளர்த்தினார். முதல் சுரூபத்தின் அச்சாக இரண்டாவது அந்தோனியார் அவர் உள்ளங்கையில் விழுந்தார்.

"எங்க அப்பா ஜெயிச்சா உங்கள வாய்க்கு வந்தபடி பேசுவாவ மாமா" என்று விம்மினாள் பெபிஷா. "நீங்க ரோசக்காரரு, கல்யாணம் வேண்டாம்னு போயிருவிய. அதான், மாமாவுக்க மெஷினு நிக்காம ஓடணும் அந்தோனியாரேன்னு வேண்டி வச்சேன். அப்பம் எங்க அப்பாவுக்க மெஷினு செத்துப்போச்சு. நான் வேண்டினதுனாலதான் அந்தோனியாரு அதைக் கொன்னுட்டாருன்னு நெனச்சேன்."

"அதான் ஆளாத்தான் இருக்கணும்னு சொன்னியா?" என்றார் செல்வதாஸ்.

அவள் தலையசைத்தாள். புனிதர் ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்துவதற்குப் பயந்துதான் அந்தப் பெண் ஒரு துப்பறியும் நிபுணரை அமர்த்தியிருக்கிறாள்.

"எனக்கதுலயும் எடவெளி இருந்திருக்கு" என்றார் ததேயுஸ் மெதுவாக. "காத்தும் போயிருக்கு."

"போயிருக்கு" என்றார் செல்வதாஸ். "ரெண்டு மெஷினுக்கும் ஒரே பெட்ரோல், ஒரே மாதிரி ஓட்டை, ஒரே அந்தோனியார். உங்களுடையதுக்கு மூக்கு இல்லை. அதனால டப் டப்புன்னு சத்தம் போட்டுக்கிட்டே எழுதிவச்ச அளவை ஊத்திக்கிட்டு ஓடிப்போச்சு. அவருடையதுக்கு மூக்கு இருந்தது. அது ஏமாந்துபோச்சு."

"அறிவு இருக்கதுதான் ஏமாறும்" என்றார் ஏசுஅடிமை, தன் மெஷினைத் தடவியபடி.

"அறிவு கெட்டதுதான் ஊர்போய்ச் சேரும்" என்றார் ததேயுஸ். ஆனால் அதில் காரம் இல்லை. அவர் கறுத்த சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தோக்கக் கூடாதுன்னு எனக்க பெத்த மோன் நெனைக்கல. இந்தப் பிள்ளை நெனச்சிருக்கு ஓய்."

"எனக்க பிள்ளை நெனைக்காததை உமக்க பயலு நெனச்சிருக்கான்" என்றார் ஏசுஅடிமை.

பெற்ற பிள்ளைகள் கைவிட்டது இருவருக்கும் ஒரே அளவு வலித்தது. அடுத்தவர் பிள்ளை தாங்கியது இருவருக்கும் ஒரே அளவு இனித்தது. சண்டை போட என்ன மிச்சமிருக்கிறது என்று செல்வதாஸ் நிம்மதியானார். அவருக்கு இந்த ஊர் அவ்வளவாகப் பழக்கமில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் ததேயுஸ். "அந்தோனியாரு கேட்டது எனக்க மருமோளுக்க ஜெபத்ததான். அவ வேண்டினபடிதான் நடந்திருக்கு."

"அது எப்பிடி? எனக்க மருமோன் விடியுமுன்ன எழும்பி வச்சிருக்கான். ஆரு முந்தி வச்சதுன்னு கேளும்."

"ஓய், எனக்க மருமோள அழ வச்சிராதேயும்."

"எனக்க மருமோன நீரு முதல்ல ஏலே போலேன்னு விளிக்கத நிறுத்தும்."

ஜாஸ்பின் செல்வதாசின் சட்டைக்கையை இழுத்தாள். "வாங்க சாரே, போவோம். இது இனி இவியளுக்க காலம் வரைக்கும் ஓடும். இதுல மூக்கும் இல்ல, நிக்கவும் செய்யாது."

மறுநாள் காலைப் பூசைக்குச் செல்வதாசும் ஜாஸ்பினும் மறுபடி பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். தன் வேலையின் முடிவை நேரில் பார்க்க வேண்டும் என்று செல்வதாஸ் சொன்னார். அவருக்குப் பயம், அதுதான் உண்மை.

சாமியார் ஓலையை எடுத்தார். "ததேயுஸ் மகன் சுஜினுக்கும் ஏசுஅடிமை மகள் பெபிஷாவுக்கும் திருமணம் செய்ய நிச்சயிக்கப்பட்டுள்ளது. இது மூன்றாவது அறிவிப்பு. இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்."

ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் எழுந்தார்கள், முதல் வரிசையில் ஒருவர், மூன்றாவது வரிசையில் ஒருவர். சாமியார் கையிலிருந்த தாளை இறக்கினார். செல்வதாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"தடை இல்ல சாமி" என்றார் ஏசுஅடிமை.

"எனக்கும் இல்ல" என்றார் ததேயுஸ். "அவரு இல்லன்னு சொல்லும்ப நான் சொல்லாம இருந்தா, உண்டும்னு ஆயிரக் கூடாதில்லியா."

தடை இல்லை என்று சொல்வதற்காக ஒருவர் எழுந்து நின்றதை அந்தக் கோயில் கண்டதில்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்று சாமியாரின் புத்தகத்திலும் இல்லை. அவர் இருவரையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். இருவரும் மற்றவர் முதலில் உட்காரட்டும் என்று நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் சாமியார் பொறுமையிழந்து நற்கருணைப் பாட்டைத் தொடங்கச் சொன்னார்.

பெண்கள் பக்கத்தில் பெபிஷா கண்களைத் துடைத்துக்கொண்டாள். பழக்க தோஷத்தில் அவள் கை துப்பட்டாவுக்குள் கழுத்தடிக்குப் போனது. ஜாஸ்பின் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இந்த முறை வெறுமனே திரும்பவில்லை, கறுத்துப்போன ஒரு சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

"சாரே" என்றாள் ஜாஸ்பின். "ரெண்டும் கரியா கெடந்ததுல, யாருக்கது எதுன்னு எப்பிடிப் பிரிச்சாவ?"

செல்வதாஸ் ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தார். சுஜினும் நெஞ்சில் ஒரு கறுத்த சுரூபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"பிரிக்கல" என்றார்.